ஆற்றின் இரு கரைகளிலும் கூலி

வட அமெரிக்கக் கண்டத்தின் படத்தை விரித்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் இடத்தில் சிறு வியப்பு உண்டாகும். கனடா தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வடக்கே கிடப்பதாகவே எண்ணிப் பழகிய நமக்கு, டெட்ராய்ட் ஆற்றங்கரையில் திசை மாறி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் வடகரையிலும் கனடாவின் வின்ட்ஸர் நகரம் தென்கரையிலும் அமைந்திருப்பது புதுமையாகத் தோன்றும். 1929-ல் திறக்கப்பட்ட அம்பாஸடர் பாலமும், அதற்கு அடுத்த ஆண்டில் ஆற்றுக்கு அடியில் திறக்கப்பட்ட சுரங்கப் பாதையும் இவ்விரு நகரங்களையும் இணைக்கின்றன. இரண்டு ஊர்களிலும் பேசும் பாஷை ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இரண்டும் மோட்டார் வண்டி செய்தே பிழைத்து வந்தன. அந்த வண்டிகளைச் செய்த கம்பெனிகளும் இரு கரைகளிலும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே, ஒரு தொழிலில் வேலை செய்பவனுக்கும் வேறொரு தொழிலில் அதே வேலையைச் செய்பவனுக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது என்ற பழைய கேள்வியை, ராஜாங்கம் ஒன்றே வேறாகவும் மற்றவையெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கும் நிலையில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இவ்விரு தேசங்களைக் காட்டிலும் தக்க இடம் கிடைப்பது அரிது.

கேள்வியை முதலில் திட்டமாக வகுத்துக்கொள்வது நல்லது. பொறியாளருக்கும் பெருக்குகிறவருக்கும் இடையே உள்ள சம்பள வித்தியாசம் இங்கே விஷயமன்று. அதற்குப் படிப்பு, பயிற்சி, பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள் இருக்கின்றன. மோட்டார்த் தொழிற்சாலையின் தரையைப் பெருக்குகிறவருக்கும், அதே தெருவில் இருக்கும் ஹோட்டலின் தரையைப் பெருக்குகிறவருக்கும் இடையே உள்ள வித்தியாசமே விஷயம். துடைப்பம் ஒன்று, தரை ஒன்று, செலவாகும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்று; ஆயினும் வார முடிவில் இருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகை ஒன்றாக இருப்பதில்லை.

ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட பெருநூலில், கூலி வித்தியாசங்களுக்கு ஐந்து காரணங்களைக் கூறினார். வேலை இனியதா அருவருப்பானதா என்பது ஒன்று. கற்றுக்கொள்வது எளிதா அரிதா என்பது மற்றொன்று. வேலை நிரந்தரமா, வேலையாளிடம் வைக்கப்படும் நம்பிக்கை பெரிதா, வெற்றி நிச்சயமா என்பன மற்றவை. தூக்கிலிடுபவனுடைய தொழில் எல்லாவற்றிலும் வெறுக்கத்தக்கது, அதனாலேயே செய்யும் வேலையின் அளவுக்கு அவனுக்குக் கிடைக்கும் கூலி எல்லாவற்றிலும் அதிகம் என்பது அவர் காட்டிய உதாரணம். இச்சித்தாந்தத்தின் உயிர்நாடி யாதெனில், மனிதர்கள் தங்கள் விருப்பம்போல் ஒரு தொழிலை விட்டு மற்றொன்றுக்குப் போகக்கூடிய இடத்தில், சிரமங்களையும் சௌகரியங்களையும் சேர்த்து எடைபோட்டால் எல்லாத் தொழில்களும் சமமாகவே நிற்கும் என்பதாம். அப்படியானால் நமது இரண்டு துடைப்பக்காரர்களின் வித்தியாசத்துக்கு இடமே இல்லை. ஆனால் அது இருக்கிறது. நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இதைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஹார்வர்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் சம்னர் ஸ்லிக்டர். 1950-ல் அவர் எழுதிய சிறு கட்டுரை இன்றும் இத்துறையில் முதலில் படிக்க வேண்டியதாக இருக்கிறது. அமெரிக்க ஆலைத் தொழில்களின் கூலிக் கணக்குகளை ஆராய்ந்த அவர், தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு நல்ல கூலி தரும் தொழில் எதுவோ அதுவே தேர்ச்சியற்றவனுக்கும் நல்ல கூலி தருகிறது என்று கண்டார். லாபம் மிகுந்த தொழில்களில் கூலியும் மிகுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1923-ல் தொழில்கள் நின்ற வரிசைக்கும், நடுவே பெரிய பொருளாதார வீழ்ச்சியும் உலக யுத்தமும் வந்துபோன பிறகு 1946-ல் அவை நின்ற வரிசைக்கும் நெருங்கிய ஒற்றுமை இருந்தது. முதலாளியின் தற்காலிக மனப்போக்கோ, ஏதோ ஒரு வருஷத்தின் ஆள் பஞ்சமோ இவ்வித்தியாசத்துக்குக் காரணமாக இருந்தால், இத்தனை புயல்களுக்குப் பின்னும் வரிசை கலையாமல் நின்றிருக்குமா?

ஸ்லிக்டர் எடுத்த இழை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறையக் கைவிடப்பட்டுக் கிடந்தது. பின்னாளில் அமெரிக்க சர்க்காரில் உயர்ந்த பதவிகளை வகித்த ஆலன் க்ரூகரும் லாரன்ஸ் ஸம்மர்ஸும் 1988-ல் அதை மறுபடி எடுத்தபோது, தனித்தனி மனிதர்களின் வயது, கல்வி, உத்தியோகம், வசிக்கும் பிரதேசம், சங்கத்தில் சேர்ந்தவரா இல்லையா என்ற விவரங்களையெல்லாம் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தனர். கழித்த பின்னும் வித்தியாசம் கரையவில்லை. பெட்ரோலியத் தொழில் உச்சியில் நின்றது, வீட்டு வேலை அடியில் கிடந்தது. அவர்கள் காட்டிய இன்னொரு சான்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. கூலி உயர்ந்த தொழில்களில் வேலையை விட்டு நிற்பவர்கள் குறைவு. உயர்ந்த கூலி வேலையின் கொடுமைக்கு ஈடாகத் தரப்படுவதாயின், அங்கே இருப்பவர்கள் மற்ற இடங்களில் இருப்பவர்களைப் போலவே வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் வெளியேறாமல் இருப்பதே, தங்களுக்குக் கிடைத்திருப்பது வெறும் ஈட்டுத் தொகை அன்று, அதற்கு மேற்பட்ட ஓர் ஆதாயம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

இனி ஆற்றைக் கடந்து கனடாவுக்குச் செல்வோம். இரண்டு தேசங்களின் கூலியை ஒப்பிடப் புகுவோர் முதலில் இடறி விழும் கல் நாணய மாற்று விகிதம். கனடா டாலர் 2002-ன் தொடக்கத்தில் ஏறக்குறைய 62 அமெரிக்க சென்டுக்கு இறங்கியிருந்தது. 2007-ல் அமெரிக்க டாலருக்குச் சமமாக உயர்ந்தது. இந்த ஐந்தாண்டுகளில் வின்ட்ஸர் தொழிலாளியின் கை வேகமோ ஆலையின் யந்திரங்களோ அந்த அளவுக்கு மாறிவிடவில்லை. ஆகையால் டாலரை டாலரோடு வைத்துப் பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு தேசத்திலும் அத்தேசத்தின் சராசரிக் கூலிக்கு மேலோ கீழோ ஒரு தொழில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பதே நேர்மையான முறை. தொழில்களைப் பிரித்துப் பெயரிடுவதிலும் முன்பு இரு தேசங்களின் வழக்கம் வேறு வேறாக இருந்தது. 1997 முதல் அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் ஒரே பகுப்பு முறையை ஏற்றுக்கொண்ட பின்னரே இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

அந்தப் பொதுப் பகுப்பு வருவதற்கு முன்பே, 1994-ல், சுரேந்திர கேராவும் ழில் கிரெனியேயும் கனடாவின் தொழிலாளர் கணக்குகளைக் கொண்டு ஸம்மர்ஸ், க்ரூகர் ஆகியோரின் முறையிலேயே ஓர் ஆராய்ச்சி செய்தனர். கனடாவிலும் கல்வியும் அநுபவமும் கழிக்கப்பட்ட பிறகு வித்தியாசம் எஞ்சியது. அது எஞ்சிய விதமும் அமெரிக்க வரிசையைப் பெரிதும் ஒத்திருந்தது. இன்றைய வாரக் கூலிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தாலும், சுரங்கம், எண்ணெய், மின்சாரம் முதலியவை இரு தேசங்களிலும் மேலே நிற்கின்றன. தங்கும் விடுதிகளும் உணவகங்களும் இரண்டிலும் கீழே கிடக்கின்றன. அமெரிக்காவில் செய்தித் தொடர்பும் நிதியும் உச்சியைத் தொடுகின்றன, கனடாவில் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் அந்த இடத்தைப் பிடிக்கிறது என்பது போன்ற பேதங்கள் உண்டு. ஆனாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றே.

வரிசை ஏன் ஒன்றாக இருக்கிறது? சட்டமும் சங்கமும் வேறாக உள்ள இரு தேசங்களில் ஒன்றாக இருப்பதற்குத் தொழிலின் தன்மையிலேயே காரணம் இருக்க வேண்டும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு மனிதன் கவனிக்கும் யந்திரத்தின் விலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் ஒரு நாழிகை அயர்ந்தால் உண்டாகும் நஷ்டத்தின் முன்னே அவன் கூலி அற்பம். அங்கே முதலாளி அரைக் காசு மிச்சம் பிடிக்க நினைப்பது மதியீனம். உணவகத்தில் ஒரு பரிசாரகர் அயர்ந்தால் உடைவது ஒரு தட்டு.

இதற்கு மிகப் புகழ் பெற்ற உதாரணம் டெட்ராய்டிலேயே நடந்தது. ஹைலாண்ட் பார்க் தொழிற்சாலையில் வண்டிகள் நகரும் வரிசையில் கோக்கப்படும் புது முறையை ஹென்றி ஃபோர்டு 1913-ல் கொண்டுவந்தபோது, ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும் அவ்வேலையில் மனிதர்கள் தங்கவில்லை. சுமார் 14,000 பேரை வேலையில் வைத்துக்கொள்வதற்காக அந்த ஒரு வருஷத்தில் 52,000-க்கு மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரி 5-ம் தேதி, ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட் என்றிருந்த கூலியை எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று ஃபோர்டு உயர்த்தினார். உயர்வு எல்லோருக்கும் நிபந்தனையின்றிக் கிடைத்துவிடவில்லை. குடித்தனம் ஒழுங்காக நடக்கிறதா என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் விசாரணையாளர்களுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். எனினும் அறிவிப்பு வெளியான சில நாட்களில் குளிரையும் பொருட்படுத்தாமல் வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நெருக்கடி தாங்காமல், அந்த ஜனவரிக் குளிரில், நெருப்பணைக்கும் குழாய்களால் அவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சப்பட்டது. வருஷத்துக்கு 370 சதவிகிதமாக இருந்த ஆள் மாற்றம் 1915-க்குள் 16 சதவிகிதமாக வீழ்ந்தது. சந்தையில் கிடைக்கும் விலைக்கு மேல் கூலி கொடுத்து, அதனால் லாபமே அடைந்த முதலாளியை இதில் காண்கிறோம். பிற்காலத்துப் பொருளாதார அறிஞர்கள் திறன்வளர் கூலி என்று ஒரு சித்தாந்தமாக வகுத்தது இதைத்தான்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமாகாது. கணக்கெடுப்பவர் கண்ணுக்குப் படிப்பும் வயதும் தெரியும். சாமர்த்தியமும் நம்பகமும் தெரியா. கூலி உயர்ந்த தொழில்கள் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன, வித்தியாசம் தொழிலினுடையது அன்று, ஆளினுடையதே என்று கெவின் மர்ஃபியும் ராபர்ட் டோபெலும் வாதித்தனர். ஃப்ரான்ஸ் தேசத்தில் ஒரே மனிதரைப் பல ஸ்தாபனங்களிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று 1999-ல் வெளிவந்து, அந்தப் பக்கத்துக்கு வலுவூட்டியது. மறுபுறம், ராபர்ட் கிப்பன்ஸும் லாரன்ஸ் காட்ஸும் 1992-ல், ஆலை மூடியதால் வேலையிழந்தவர்களைப் பின்தொடர்ந்தனர். ஆலை மூடினால் சமர்த்தனும் அசமர்த்தனும் ஒருங்கே வெளியே வருகிறார்கள். ஆகையால் இது நல்ல சோதனை. உயர்ந்த கூலித் தொழிலிலிருந்து தாழ்ந்த கூலித் தொழிலுக்குப் போனவர்கள், தொழில் வித்தியாசத்தில் பெரும் பகுதியை இழந்தே போனார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வித்தியாசத்தில் ஒரு பகுதி ஆளைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முழுவதும் அப்படியே என்று சொல்பவர்கள், ஆலையின் காரியதரிசிக்கும் வாசல் காவலாளிக்கும் துடைப்பக்காரருக்கும் ஒரே சமயத்தில் சம்பளம் உயர்ந்திருப்பதற்குச் சமாதானம் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கம்பெனி சிறந்த ரசாயன நிபுணரைத் தேடுவது விளங்குகிறது. உலகத்திலேயே சிறந்த துடைப்பக்காரரையும் அது தேடுகிறதா?

இதுவரை வரிசையைப் பற்றிப் பேசினோம். இடைவெளி வேறு விஷயம். எந்தத் தொழில் மேலே, எது கீழே என்பதைத் தொழிலின் தன்மை முடிவு செய்தாலும், மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அந்தந்த தேசத்து மக்கள் சட்டத்தாலும் சங்கத்தாலும் முடிவு செய்திருக்கிறார்கள். இந்தத் தூரத்தைத்தான் ஆற்றின் இரு கரைகளிலும் நாம் உற்றுப் பார்க்க வேண்டும்.

1945 செப்டம்பரில் வின்ட்ஸர் நகரத்து ஃபோர்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். நவம்பரில், போலீஸார் உள்ளே புகாதபடி, நூற்றுக்கணக்கான மோட்டார் வண்டிகளைக் கொண்டுவந்து ஆலையைச் சுற்றி நிறுத்தித் தெருக்களை அடைத்தனர். மோட்டார் செய்பவர்கள் மோட்டார் வண்டிகளையே கோட்டைச் சுவராக்கிய காட்சி அது. 99 நாட்களுக்குப் பின் விவகாரம் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதி ஐவன் ராண்ட் 1946 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், சங்கத்தில் சேரும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தலாகாது, ஆனால் சங்கம் பெற்றுத்தரும் பயனை எல்லோரும் அனுபவிப்பதால் சேர்ந்தவரும் சேராதவரும் சந்தா கட்டவே வேண்டும் என்று விதித்தார். இவ்விதி நாளடைவில் கனடாவின் பல மாகாணச் சட்டங்களிலும் ஏறியது. மறுகரையிலோ, அடுத்த ஆண்டே, 1947-ல், நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், இப்படிப்பட்ட கட்டாயச் சந்தாவைத் தடை செய்யும் உரிமையை ஒவ்வொரு மாநிலத்துக்கும் கொடுத்தது; தென் மாநிலங்கள் பலவும் அதைப் பயன்படுத்திக்கொண்டன. 2012-ல் மிச்சிகன் மாநிலமே அவ்வாறு தடை செய்து, 2023-ல் அத்தடையை நீக்கியது.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரு கரைகளிலும் எழுதப்பட்ட இந்த இரண்டு ஏற்பாடுகளின் பலனைக் காண நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1950-களின் நடுவில் இரு தேசங்களிலும் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சங்கங்களில் இருந்தனர். இன்று அமெரிக்காவில் பத்தில் ஒருவர். கனடாவில் பத்தில் மூவர். ஜான் டினார்டோவும் தோமா லெமியூவும் 1997-ல் எழுதிய கட்டுரையில், 1980-களில் ஆண்களின் கூலி ஏற்றத்தாழ்வு கனடாவைவிட அமெரிக்காவில் விரைந்து வளர்ந்ததற்கு, சங்கங்களும் குறைந்தபட்சக் கூலியும் பெரும் பகுதிக் காரணம் என்று காட்டினர். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சங்கம் இடைவெளியைக் குறைக்கிறது என்று பொதுப்படச் சொல்லிவிடலாகாது. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினரின் கூலியை உயர்த்தும்போது, சங்கமில்லாத ஹோட்டல் தொழிலாளியிடமிருந்து அவரை இன்னும் தூரமாகத்தான் கொண்டுபோகிறது. கனடாவில் சங்கம் ஆலையோடு நில்லாமல் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நகரசபைக்கும் பரவியிருந்ததே அங்கு இடைவெளியைச் சுருக்கியது.

மோட்டார்த் தொழில் ஒன்றில் மட்டும் இரு கரைகளும் ஒரே கூலியை நோக்கி நகர்ந்த காலம் ஒன்று உண்டு. 1965 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸனும் கனடாப் பிரதமர் பியர்ஸனும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வண்டிகளும் உறுப்புகளும் சுங்கமின்றி எல்லையைக் கடக்கத் தொடங்கின. அப்போது இரு நாட்டுத் தொழிலாளர்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே சங்கம், சந்தை ஒன்றானால் கூலியும் ஒன்றாகட்டும் என்று கேட்டு, சில ஆண்டுகளில் அதைப் பெரும்பாலும் வென்றது. ஆனால் 1980-களில் அமெரிக்கத் தலைமை, நிரந்தர உயர்வை விட்டு லாபப் பங்கை ஏற்க முன்வந்தபோது, கனடா உறுப்பினர்கள் பாப் ஒயிட் தலைமையில் மறுத்து, 1985-ல் தனிச் சங்கம் கண்டனர். 2007-ல் அமெரிக்கச் சங்கம் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழையவர்களின் கூலியில் ஏறக்குறையப் பாதியே தரலாம் என்று ஒத்துக்கொண்டது. ஒரே வரிசையில் ஒரே திருகாணியை முடுக்கும் இருவருக்கு இரண்டு கூலி என்ற நிலை வந்தது. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே அந்தப் பிளவு பெரிதும் மூடப்பட்டது.

அடிமட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மத்திய சர்க்கார் விதித்துள்ள குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-க்குப் பிறகு அது நகரவில்லை. இனாம் வாங்கும் பரிசாரகருக்கு முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டியது மணிக்கு 2.13 டாலர்; அது 1991 முதல் அப்படியே நிற்கிறது. மிச்சிகன் போன்ற பல மாநிலங்கள் இவற்றுக்கு மேலே தாமே விதித்திருக்கின்றன என்றாலும், பரிசாரகருக்குத் தனியாக ஒரு தாழ்ந்த விகிதம் என்ற கொள்கையை அவற்றுள் பெரும்பாலானவை விட்டுவிடவில்லை. வின்ட்ஸர் அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்தில், 2024 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி 17.20 கனடா டாலராக இருந்தது. மது பரிமாறுவோருக்கு இருந்த தாழ்ந்த விகிதம் 2022-ல் ஒழிக்கப்பட்டது. உணவகம் இரு கரைகளிலும் கடைசிப் படிதான். ஆனால் ஒரு கரையில் அந்தப் படிக்கு அடியில் கல் போட்டிருக்கிறார்கள். மறுகரையில் வாடிக்கைக்காரரின் தயவை நம்பி விட்டிருக்கிறார்கள்.

பெண்கள் செய்யும் தொழில்களின் கதை இன்னும் ஆழமானது. கூலி தாழ்ந்த தொழில்களின் பட்டியலையும், பெண்கள் மிகுதியாக உள்ள தொழில்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல பெயர்கள் இரண்டிலும் வரும். ஒன்டாரியோ 1987-ல் ஒரு சட்டம் இயற்றி, தேர்ச்சி, முயற்சி, பொறுப்பு, சூழ்நிலை என்ற நான்கையும் எடைபோட்டு, பெண்கள் செய்யும் வேலைக்கும் அதற்கு ஈடான மதிப்புள்ள ஆண்கள் வேலைக்கும் சமக் கூலி தர வேண்டுமென்று, பத்துப் பேருக்குக் குறையாத தனியார் ஸ்தாபனங்களையும் கட்டுப்படுத்தியது. ஆனால் ஒப்பீடு ஒரே ஸ்தாபனத்துக்குள் நடக்க வேண்டும். குழந்தைக் காப்பகத்தில் எல்லோருமே பெண்கள். ஒப்பிட ஆண் எங்கே? தொழிலுக்குத் தொழில் உள்ள வித்தியாசம் இங்கே சட்டத்தின் கையிலிருந்து நழுவியது. 1993-ல் பொதுத்துறை சார்ந்த இத்தகைய ஸ்தாபனங்கள் வெளியே வேறொரு ஸ்தாபனத்தை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று திருத்தினர். 1996-ல் புதிய சர்க்கார் அதை நீக்கிற்று. 1997-ல் நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாததாக்கியது. அமெரிக்கக் கரையில் வாஷிங்டன் மாநில ஊழியர்கள் இதே நியாயத்தைக் கேட்டு 1983-ல் கீழ்க் கோர்ட்டில் வென்றனர். 1985-ல் மேல் கோர்ட்டு, சந்தை விலையைப் பின்பற்றிய சர்க்காரின் மேல் குற்றமில்லை என்று தீர்த்தது. சந்தை என்று பெயரிட்டுவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் உடன்பாடன்று. எந்தச் சந்தையின் வரிசையைப் பற்றி அறிஞர்கள் இத்தனை காலமாகக் காரணம் தேடி வருகிறார்களோ, அதையே காரணமாகக் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

கூலிப் பட்டியலில் காணாத கூலியும் ஒன்று உண்டு. கனடாவில் வைத்தியச் செலவு 1970-களின் தொடக்கத்திலிருந்து நாடெங்கும் பொதுப் பொறுப்பு. அமெரிக்காவில், யுத்த காலத்தில் கூலி உயர்வுக்குத் தடை இருந்தபோது முதலாளிகள் ஆள் பிடிப்பதற்காகத் தந்த வைத்தியக் காப்பு, அப்படியே வேலையோடு ஒட்டிக்கொண்டது. கூலி உயர்ந்த தொழில்களே நல்ல காப்பையும் தருகின்றன. ஆகவே ஹோட்டல் துடைப்பக்காரருக்கும் ஆலைத் துடைப்பக்காரருக்கும் உள்ள உண்மையான தூரம், டெட்ராய்டில் சம்பளச் சீட்டு காட்டுவதைக் காட்டிலும் அதிகம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில்தான் அது முழுவதும் தெரியும்.

அந்த ஆலைத் துடைப்பக்காரரும் இப்போது இரு கரைகளிலும் அரிதாகி வருகிறார். பெருக்குவதையும் காவல் காப்பதையும் சமையலையும் ஸ்தாபனங்கள் வெளி ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டன. அரிந்தஜித் துபேயும் ஈதன் காப்லனும் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்காவில் ஒப்பந்தக்காரரிடம் மாற்றப்பட்ட துப்புரவாளரின் கூலி 4 முதல் 7 சதவிகிதமும், காவலாளியின் கூலி 8 முதல் 24 சதவிகிதமும் குறைந்ததாகக் கண்டனர். அவர் பெருக்கும் தரை மாறவில்லை. எந்தத் தொழிலின் கணக்கில் அவர் பெயர் எழுதப்படுகிறது என்பது மாறிவிட்டது. ஸ்லிக்டர் 1950-ல் கண்ட வித்தியாசத்தில் கடைநிலைத் தொழிலாளிக்கு இருந்த பங்கு இவ்வாறு ஓசையின்றிப் பறிபோவதை, இவ்வாராய்ச்சிகளில் எனக்கு மிகுந்த வருத்தமளித்த செய்தியாகக் கருதுகிறேன்.

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வின்ட்ஸரிலிருந்து நூற்றுக்கணக்கான தாதியர் பாலத்தின் வழியாகவும் சுரங்கத்தின் வழியாகவும் டெட்ராய்ட் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். இரு தேசங்களும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையில், எல்லை கடந்து வேலை செய்ய எளிதாக அனுமதி பெறக்கூடிய தொழில்களின் பட்டியலில் தாதியர் பெயர் இருக்கிறது. பொறியாளர் பெயர் இருக்கிறது. பொருளாதார நிபுணர் பெயரும் இருக்கிறது. அவர்களுக்கு முன்னும் பின்னுமாக, எஞ்சின்களும் இருக்கைகளும் ஏற்றிய லாரிகள் இரு திசைகளிலும் இடைவிடாமல் போகின்றன. அந்த எஞ்சினைக் கோத்தவர் பெயரும், கோத்த இடத்தைப் பெருக்கியவர் பெயரும் அப்பட்டியலில் இல்லை. அவர்கள் தத்தம் கரையிலேயே வாசல் திறக்கும் நேரத்துக்காகக் காத்து நிற்கிறார்கள்.